கூலி என்பது கடன்: சம்பளச் சீட்டில் இருக்கும் ஹக்குகள்

  

  

நமது பகுதி தோலையும் காலணியையும் நம்பி வாழும் பகுதி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்த ஊரை எடுத்தாலும் இந்த ஸஃப்பில் நிற்பவர்களில் ஒருவர் சம்பளம் கொடுப்பவர், அவர் தோளோடு தோள் ஒட்டி நிற்பவர் சம்பளம் வாங்குபவர். அல்லாஹ்வின் முன்னால் ஒரே வரிசை. ஸலாம் கொடுத்து வெளியே போன பிறகு அவர்களுக்கிடையே ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தொழிலாளி நேர்மையாக வேலை செய்ய வேண்டும் என்று எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறீர்கள். அது உண்மை, அதில் மாற்றமில்லை. இன்று பெரும்பாலும் மறுபக்கத்தைப் பார்ப்போம்.

முதலில் ஸூரத்துல் கஸஸில் வரும் மூஸா (அலை) அவர்களின் சம்பவம். மத்யனில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். கூலி பேசவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்களின் தந்தை, இறைத்துக் கொடுத்ததற்குரிய கூலியைத் தருவதற்காக அழைக்கிறார் என்று மகளை அனுப்பினார். பேசாத வேலைக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக் கொடுக்க நினைத்த மனிதர் அவர். நம்மில் சிலர் பேசிய கூலிக்கே நான்கு முறை நடக்க வைக்கிறோம்.

அடுத்து அந்தப் பெரியவர் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும் இடத்தைக் கவனியுங்கள். எட்டு ஆண்டுகள் வேலை, பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம், உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்கிறார். மூஸா (அலை) அவர்களும் இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் என் மீது குற்றம் இருக்கக் கூடாது என்று தெளிவுபடுத்திக் கொள்கிறார்கள். வேலை என்ன, காலம் எவ்வளவு, பிரதிபலன் என்ன, கடமை எது, உபரி எது என்று எல்லாமே முதல் நாளிலேயே பேசி முடிந்துவிட்டது. ஒரு நபிக்கும் அவரை வேலைக்கு வைத்த நல்ல மனிதருக்கும் இடையில் இந்தத் தெளிவு தேவைப்பட்டதென்றால், "நம்ம ஆளுதானே, பார்த்துச் செய்றேன் வா" என்று நாம் ஆள் சேர்ப்பதை என்ன சொல்வது?

கூலியைத் தெரிவித்துவிட்டே ஆளை வேலைக்கு வைக்க வேண்டும் என்ற கருத்து அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வழியாக நஸாயியில் பதிவாகியிருக்கிறது. இதை வைத்துத்தான் ஃபிக்ஹ் நூல்களில் இஜாராப் பாடத்தின் ஆரம்பத்திலேயே, கூலியும் வேலையும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் பழுதாகிவிடும் என்று எழுதுகிறார்கள். மதரஸாவில் குதூரி ஓதிய எந்த மாணவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இந்தக் காலத்தில் "கூலி அறியப்பட்டது" என்றால் என்ன? சம்பளச் சீட்டில் இருப்பது தொழிலாளிக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பதுதான். மாதம் 18,000 என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். கையில் வருவதோ 16,000 சொச்சம். மீதி எங்கே போனது, அது யாருடைய பணம், எப்போது திரும்பி வரும் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குப் பதில் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆகவே சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். இது உங்கள் பிள்ளைகளின் ரிஜ்கு.

சீட்டின் மேலே அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பிறகு வீட்டு வாடகைப் படி போன்றவை இருக்கும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகைதான் வேர். பி.எஃப், பணிக்கொடை எல்லாம் அதிலிருந்தே கணக்காகின்றன. அதனால்தான் சில இடங்களில் அடிப்படையைச் சிறியதாக வைத்துப் படிகளைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். மொத்தம் அதேதான், ஆனால் பின்னால் வர வேண்டியது குறைந்துவிடும். 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, இப்படிப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்கிறது. இந்தத் தந்திரம் பரவலாக இருந்ததால்தான் சட்டம் அப்படி வந்தது.

பி.எஃப் என்கிற வருங்கால வைப்பு நிதி 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஊழியரிடமிருந்து 12 சதவீதம், நிறுவனத்திடமிருந்து 12 சதவீதம். நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்கும், 3.67 சதவீதம் உங்கள் பி.எஃப் கணக்குக்கும் போகும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 என்றால் உங்களிடம் 1,800 பிடிப்பார்கள். நிறுவனம் போடும் 1,800-ல் 1,250 ஓய்வூதியத்துக்கு, 550 பி.எஃப்புக்கு. ஆக உங்கள் பி.எஃப் கணக்கில் மாதம் 2,350 ஏற வேண்டும். பத்து ஆண்டுகள் இந்தத் திட்டத்தில் இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். பணியில் இருக்கும்போது மவுத்தானால் குடும்பத்துக்கு ஓய்வூதியமும், அதிகபட்சம் ஏழு லட்சம் வரை காப்பீட்டுத் தொகையும் உண்டு.

இங்கேதான் ஒரு பயங்கரம் இருக்கிறது. தொழிலாளியிடம் 1,800 பிடித்துவிட்டு, அதை அலுவலகத்தில் கட்டாமல் தொழிலில் புரட்டிக் கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம் அது. "ஆர்டர் இல்லை, பேங்க் கடன் இருக்கிறது, பிறகு கட்டிவிடுவேன்" என்கிறார்கள். ஹாஜியாரே, அது உங்கள் பணமே இல்லையே! இன்னொருவருடைய அமானிதத்தை அனுமதி இல்லாமல் எடுத்து வியாபாரம் செய்கிறீர்கள். ஒருவர் உங்களிடம் நகையைப் பத்திரப்படுத்தக் கொடுத்து, அதை நீங்கள் அடகுக் கடையில் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? இதுவும் அதேதான். கடையில் வைத்த நகை ஒன்று, இங்கே இருநூறு குடும்பங்களின் நகை.

இ.எஸ்.ஐ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடங்களில், மாதம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு. உங்களிடம் 0.75 சதவீதம், நிறுவனத்திடம் 3.25 சதவீதம். 18,000 சம்பளக்காரருக்கு 135 ரூபாய் பிடிப்பார்கள், முதலாளி 585 கட்டுவார். இந்த 720 ரூபாயில் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் இருக்கிறது. நோயில் படுத்தால் வருடத்தில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரங்கள். வேலையில் விபத்து நேர்ந்து உயிர் போனால் சார்ந்திருப்பவர்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் மாதந்தோறும் பகிர்ந்து கொடுக்கப்படும். ஆஸ்பத்திரியில் கூட்டம், மருந்து இல்லை என்று நீங்கள் குறை சொல்வது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அட்டை இல்லாத வீட்டில் ஒரு விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கும் நிலை வருகிறது.

2015 ஜனவரி கடைசி நாளில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் இரவு உறங்கிக் கொண்டிருந்தவர்கள் மீது சேறு பாய்ந்து பத்துப் பேர் இறந்து போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வடக்கிலிருந்து வரும் பையன்களை நாம் "இந்திக்காரப் பசங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, இ.எஸ்.ஐ எண் இருக்கிறதா என்பது விபத்துக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி அல்ல. பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதிலிருந்து உண்ணக் கொடுங்கள், தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் ஊர், மொழி என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

இன்னொரு வழக்கம், கணக்கில் ஒன்று, கையில் ஒன்று. புத்தகத்தில் 9,000 என்று எழுதிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பது. தொழிலாளியும் சம்மதிக்கிறார், ஏனென்றால் பிடித்தம் குறைந்து கையில் கூடுதலாக வருகிறது. தம்பிகளே, விபத்தோ பிரசவமோ ஓய்வோ வரும்போது புத்தகத்தில் உள்ள 9,000-ஐ வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். அது ஒரு பக்கம். மாதாமாதம் பொய்யான பதிவில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

பணிக்கொடை பற்றி நமது கடைக்காரர்களில் பலருக்கு எண்ணமே இல்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது அது. பத்துப் பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடைக்கும் உண்டு. தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படையையும் பஞ்சப்படியையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 13,000 என்றால் ஆண்டுக்கு 7,500, பத்து ஆண்டுக்கு 75,000. மவுத்தாகிவிட்டாலோ ஊனமாகிவிட்டாலோ ஐந்து ஆண்டு நிபந்தனை கிடையாது. இது முதலாளியின் தர்மம் அல்ல. ஒருவர் இருபது வருடம் உங்கள் கடையில் துணி விரித்துக் காட்டியிருக்கிறார், முழங்கால் தேய்ந்து போய் விடைபெறுகிறார், நீங்கள் ஒரு வேட்டி சட்டையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்துப் போட்டோ எடுத்துக் கொள்கிறீர்கள் என்றால், அவருக்குரிய பெரும் பகுதி இன்னும் உங்கள் கல்லாவில்தான் இருக்கிறது. முழங்கால் என்றதும் நினைவு வருகிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. நமது கடைகளில் எத்தனை ஸ்டூல் போட்டிருக்கிறோம்?

இப்போது ஃபிக்ஹுப் பக்கம் வருவோம். பணியாளரை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் நேரத்தை ஒப்படைத்து வேலை செய்பவர் அஜீர் காஸ். மாதச் சம்பளக்காரர், தினக்கூலி எல்லாம் இதில் வருவார்கள். பலருக்கும் வேலை செய்து கொடுப்பவர் அஜீர் முஷ்தரக். தையல்காரர், சலவைக்காரர் போல. இவருக்குக் கூலி வேலை முடிந்தால்தான் கடமையாகும். ஆனால் அஜீர் காஸ் குறித்த நேரத்தில் வந்து தன்னை ஒப்படைத்துவிட்டாலே கூலிக்கு உரியவர் ஆகிவிடுகிறார், நீங்கள் வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். கரண்ட் இல்லை, தோல் வரவில்லை, இன்று பாதிச் சம்பளம் என்று மாதச் சம்பளக்காரரிடம் சொல்ல உரிமை இல்லை. அதேபோல் அஜீர் காஸின் கையில் இருக்கும் பொருள் அமானிதம். கவனக்குறைவோ வேண்டுமென்றே செய்ததோ இல்லாமல் மெஷினில் தோல் கிழிந்துவிட்டால் அதன் விலையை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அஜீர் முஷ்தரக்குக்கு இதில் சட்டம் வேறு.

வீட்டில் உட்கார்ந்து காலணியின் மேல்பாகம் தைக்கும் தாய்மார்கள் இடையில் நிற்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நடுவில் ஒரு ஏஜெண்ட். கம்பெனி என்ன கொடுக்கிறது என்பது இந்தத் தாய்க்குத் தெரியாது. பத்து ஜோடி திரும்பி வந்தால் யார் தலையில் என்பதும் தெரியாது. ஜோடிக் கூலியில் தவறில்லை. ஆனால் எந்தக் குறைக்கு எவ்வளவு குறையும் என்பது முதலிலேயே சொல்லப்படாவிட்டால் அது அறியப்படாத கூலி.

ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக் கொண்டு, சொல்லாமல் நின்றுவிட்டால் அதைக் கொடுக்காமல் விடுவதும் நமது கடைத்தெருவில் வழக்கம். சொல்லாமல் நின்றது அவருடைய தவறு. ஆனால் உழைத்து முடித்த நாட்களின் கூலி உங்கள் மீது கடன். கடனை அபராதமாக விழுங்குவதற்கு நமது ஹனஃபி மத்ஹபில் இடமில்லை. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வேலை வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வழக்காடுவான் என்பதும் புகாரியின் ஹதீஸ் குத்ஸி. வியர்வை உலரும் முன் கொடுத்துவிடச் சொன்ன இப்னு மாஜா ஹதீஸ் உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நாட்டின் சட்டமும் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் கொடுக்கச் சொல்கிறது.

ரமளான் வந்தால் கேட்கப்படும் ஒரு மஸ்அலா. "ஹழ்ரத், என் கடை ஆட்களுக்கு ஜகாத் கொடுக்கலாமா?" அவர் ஜகாத் வாங்கத் தகுதியுள்ள ஏழையாக இருந்தால் கொடுக்கலாம், வெளி ஆளுக்குக் கொடுப்பதைவிட மேல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் பெருநாள் போனஸ் தருவதாகப் பேசியிருந்து, அல்லது சட்டப்படி தர வேண்டியிருந்து, அதற்குப் பதிலாக ஜகாத் பணத்தை உறையில் போட்டுக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. காரணம் எளிது. ஜகாத் என்பது பிரதிபலன் இல்லாமல் கொடுப்பது. கூலிக்கும் கடனுக்கும் ஈடாகக் கொடுத்தது ஜகாத் ஆகாது. 20 பேர் உள்ள நிறுவனங்களில், 21,000 வரை சம்பளம் வாங்குவோருக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸ் சட்டப்படி உரிமை. முதலில் அதைக் கொடுங்கள். அதற்கு மேல் நிய்யத் வைத்துத் தனியாக ஜகாத் கொடுங்கள். பத்து வருடமாக இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுத்தவர்கள் தனியாக என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

பி.எஃப் வட்டி ஹலாலா என்ற கேள்விக்கு முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை ஊழியரின் கைக்கு வராததால், அதன் மீது சேர்த்துத் தரப்படுவது மார்க்கச் சட்டப்படி வட்டியாகாது, விருப்பப்பட்டுக் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால் வட்டிக்கு ஒப்பாகிவிடுவதால் தவிர்க்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து. கட்டாயத் தொகைக்குக் கையில் வரும் வரை ஜகாத்தும் இல்லை என்கிறார்கள். அதே போல் நாமினி என்பவர் வாங்கி வைப்பவர் மட்டுமே. மய்யித்துக்கு உரித்தாகிவிட்ட பி.எஃப்பும் பணிக்கொடையும் வாரிஸ்களுக்கு ஃபராயிள் சட்டப்படி பங்கிடப்பட வேண்டும். குடும்ப ஓய்வூதியம் யாருக்கு வழங்கப்படுகிறதோ அவருக்கே. நிக்காஹுக்கு முன்னால் போட்ட நாமினேஷன் அப்படியே கிடக்கிறது பலருக்கு. திருமணத்துக்குப் பிறகு புதிதாகப் போட வேண்டும்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அமீரகத்தில் ஓர் ஆண்டு முடித்தால் பணி முடிவுத் தொகை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அடிப்படை 1,500 திர்ஹம் என்றால் ஆண்டுக்கு 1,050. ஒப்பந்தத்தில் அடிப்படை எவ்வளவு என்று பார்க்காமல் மொத்தத்தைப் பார்த்து விமானம் ஏறுகிறார்கள். பணம் கைக்கு வருமுன் "எல்லாம் பெற்றுக் கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக நம் வீட்டைப் பார்ப்போம். இந்தப் பள்ளிவாசலின் மோதினார், மக்தபில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாத்கள், ஹவ்ளு கழுவும் பணியாளர், நிஸ்வானில் கூட்டிப் பெருக்கும் அம்மா. நான் என் சம்பளத்தைப் பேசுவதாக நினைக்க வேண்டாம், அது கமிட்டியோடு பேசி எழுதியாகிவிட்டது. இமாமத்துக்கும் ஓதிக் கொடுப்பதற்கும் கூலி வாங்குவதை ஹனஃபி முன்னோர்கள் அனுமதிக்கவில்லை. தீன் வீணாகிவிடும் என்று அஞ்சித்தான் பிற்கால உலமாக்கள் அனுமதித்தார்கள். அனுமதித்த பிறகு அது கூலிதான், பிச்சை அல்ல. ஜும்ஆ உண்டியலில் வசூல் குறைந்தால் மோதினார் சம்பளம் தள்ளிப் போகிறது, ஆனால் குளிர்சாதனக் கருவிக்கான தவணை தள்ளிப் போவதில்லை. "தீனுடைய வேலை, அல்லாஹ் தருவான்" என்று அவரிடம் சொல்கிறோம். ஏ.சி. கம்பெனிக்காரரிடம் அப்படிச் சொல்வதில்லையே! நமது எண்ணிக்கைக்கு பி.எஃப் சட்டம் பொருந்தாமல் இருக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம், குறித்த தேதியில் சம்பளம், வாரத்தில் ஒரு விடுமுறை, அவர்கள் பெயரை உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்வது ஆகியவற்றுக்கு எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. கமிட்டித் தலைவர் முன் ஸஃப்பில்தான் இருக்கிறார்கள், அடுத்த கூட்டத்தில் முதல் தலைப்பாக இதை எடுப்பதாக நேற்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மாஷா அல்லாஹ்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு இஷாவுக்குப் பிறகு மக்தப் ஹாலில் நமது ஜமாஅத்தைச் சேர்ந்த கணக்காளர் இருவர் உட்காருகிறார்கள். சம்பளச் சீட்டு, ஆதார், பி.எஃப்பின் யு.ஏ.என் எண், அந்த எண்ணோடு இணைந்த போன் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பாஸ்புக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம், நாமினி மாற்ற வேண்டியவர்கள் அங்கேயே மாற்றலாம். முதலாளிமார்களும் வரலாம், அவர்களுக்கு அஸருக்குப் பிறகு தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஜோடிக் கூலிக்குத் தைக்கும் தாய்மார்கள் ஏஜெண்ட் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள், பழைய சீட்டுகளையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.